ஆல்பத்தில் தபால்தலை ஒட்ட எந்த ஹிஞ்ச் வாங்கலாம்?

தபால்தலை சேர்ப்பவர்களிடம் ஹிஞ்ச் என்று சொன்னாலே இப்போதெல்லாம் முகம் சுளிக்கிறார்கள். "அதெல்லாம் அந்தக் காலம். தலையைக் கெடுத்துவிடும். மவுண்ட் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டாக் புக்கில் செருகி வையுங்கள்." புதிதாக வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரையே இதுதான். மவுண்ட் என்பது தலையை உள்ளே செருகும் சின்ன பிளாஸ்டிக் உறை, ஸ்டாக் புக் என்பது தலைகளை ஒட்டாமல் செருகிவைக்கப் பட்டைகள் உள்ள புத்தகம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முத்திரை குத்திய பழைய தலைகளுக்கு, அதிலும் நான் சேர்க்கும் திருவிதாங்கூர் தலைகளுக்கு, நல்ல ஹிஞ்ச் அளவுக்கு ஒத்துவரும் பொருள் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் அது நல்ல ஹிஞ்சாக இருக்க வேண்டும். கடையில் ஹிஞ்ச் என்று எழுதி விற்பதெல்லாம் ஒன்றல்ல. என் மேசையில் இப்போது மூன்று வகை இருக்கின்றன. மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஹிஞ்ச் என்பது விரல்நுனி அளவில் ஒரு மெல்லிய காகிதத் துண்டு. முன்கூட்டியே மடித்திருப்பார்கள். மடிப்புக்கு ஒரு பக்கம் குட்டை, மறுபக்கம் நீளம். வெளிப்புறத்தில் கோந்து தடவியிருக்கும். குட்டைப் பக்கம் தலையின் முதுகில் ஒட்டும், நீளப் பக்கம் ஆல்பத் தாளில் ஒட்டும். தலையைத் தூக்கினால் முதுகு தெரியும், விட்டால் பழையபடி படியும். நல்ல ஹிஞ்சைக் கிளாசைன் காகிதத்தில் செய்வார்கள். கூழை நன்றாக அரைத்து, உருளைகளுக்கு நடுவே மறுபடி மறுபடி அழுத்தி மெருகேற்றிய காகிதம் அது. வெங்காயத் தோல்போல மெல்லிசாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். ஈரமும் எண்ணெயும் அதில் சட்டென்று ஏறாது.

முதுகைப் பார்க்க முடிவதுதான் எனக்குப் பெரிய விஷயம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் திருவிதாங்கூரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நான் நாகர்கோவில். 1956 வரைக்கும் எங்கள் ஊர் அந்தப் பக்கம்தானே இருந்தது! அதனால் வேறு நாட்டுத் தலைகள் எதிலும் மனம் போகவில்லை. சமஸ்தானம் 1888-இல் தன் முதல் தலைகளை வெளியிட்டது. நடுவில் சங்கு, மதிப்பு சக்கரத்தில். 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம். முதலில் வந்தவை வரிவரியாகக் கோடு தெரியும் லெய்டு தாளில் அச்சானவை. அடுத்து வந்தவை சங்கு வாட்டர்மார்க், அதாவது தாளுக்குள்ளேயே பதிந்து வெளிச்சத்தில் தெரியும் சங்கு அடையாளம், உள்ள தாளில். முன்பக்கம் அதே சங்கு, அதே சட்டம், கிட்டத்தட்ட அதே நிறம். இது எந்தக் காலத்து அச்சு என்பதைத் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மன்னர் சித்திரைத் திருநாளின் பிறந்தநாளை ஒட்டி 1939-இல் வந்த வரிசையிலோ ஒரே தலை 11, 12, 12½ என்று வெவ்வேறு துளை அளவில் (ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்ற கணக்கு) கிடைக்கும். ஒரே தலையில் இரண்டு அளவு கலந்தும் வரும். நல்ல கேட்லாக்குகள் இவற்றைத் தனித்தனியாக விலை போட்டுக் கொடுத்திருக்கின்றன.

மவுண்டில் போட்டால் முகம் அழகாகத் தெரியும், கறுப்புப் பின்னணியில் துளையிட்ட ஓரத்துப் பற்களும் எடுப்பாக இருக்கும். ஆனால் முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தலையை வெளியே உருவ வேண்டும். நூறு வருடத்துக்கு மேலான மெல்லிய தாளை அப்படி இழுத்து இழுத்துச் செருகினால் மூலைப் பற்கள் தாங்குமா? ஹிஞ்சில் இருந்தால் டாங்ஸால் (தலை எடுக்கும் இடுக்கி) கீழ் ஓரத்தைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு இறக்கிவிடலாம். சங்கு தெரிகிறதா, கோடு தெரிகிறதா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

சரி, பாக்கெட்டுகளுக்கு வருகிறேன்.

முதலாவது டெனிசன். அமெரிக்காவில் மாசசூசெட்ஸின் ஃப்ராமிங்ஹாமில் இருந்த கம்பெனி. 1990-இல் ஏவரியுடன் சேர்ந்து ஏவரி டெனிசன் ஆயிற்று. அவர்களுடைய ஹிஞ்ச் இப்போது தயாரிப்பில் இல்லை. என் தாய்மாமா விட்டுப்போன பெட்டியில் பிரிக்காத ஓர் உறை இருந்தது. உலகம் முழுக்க வயதான சேகரிப்பாளர்கள் இந்தப் பெயரைச் சொல்லும்போது ஏன் அப்படி உருகுகிறார்கள் என்பது பிரித்துப் பயன்படுத்திய பிறகுதான் எனக்குப் புரிந்தது. காகிதம் இருக்கிற இடம் தெரியாது. கோந்து லேசாகத்தான் பிடிக்கும், ஆனால் தலையை விடாது. காய்ந்த பிறகு ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் ஒரே துண்டாக, சத்தமில்லாமல் உரிந்து வருகிறது. முதுகில் மங்கலான ஒரு தடம் மட்டும் மிஞ்சுகிறது, சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். இத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்தும் கோந்து கெடவில்லை என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். பழைய சரக்கை இணைய ஏலங்களில் விற்கிறார்கள், விலை கன்னாபின்னாவென்று போகிறது. முத்திரை குத்திய தலைகளுக்காக அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். என்னிடம் உள்ள உறையை, ஏற்கெனவே ஹிஞ்ச் தடம் பட்ட மின்ட் தலைகளுக்கென்று, அதாவது முத்திரை குத்தாத, முதுகில் கோந்து உள்ள தலைகளுக்கென்று, ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இரண்டாவது பிரின்ஸ், ஜெர்மன் தயாரிப்பு. ஆயிரம் ஹிஞ்ச் கொண்ட பாக்கெட். தலைக்கு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை. அதே தலைக்கு மவுண்ட் வெட்டிப் போட்டால் செலவு பல மடங்கு. மடிப்பு எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், நேராக இருக்கிறது. சின்ன விஷயம் மாதிரி தோன்றும், ஆனால் மடிப்பு கோணலாக இருந்தால் ஆல்பத்தில் தலை கோணலாக உட்காரும், பக்கம் முழுக்க வரிசை கலையும். காகிதம் மெல்லிசு, தலையின் முகத்தில் மேடு தட்டவில்லை. என் ஆல்பத்தின் பெரும்பகுதியை இதை வைத்துத்தான் செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

மூன்றாவது, இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு பாக்கெட். பெயர் வேண்டாம். படத்தில் பார்க்க மற்றதைப் போலத்தான் இருந்தது. கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. கிளாசைனே இல்லை, டிரேசிங் பேப்பர் மாதிரி மொடமொடவென்ற காகிதம். கோந்து ஓரிடத்தில் திட்டாகப் பளபளக்கிறது, இன்னோரிடத்தில் இல்லவே இல்லை. ஈரம் பட்டதும் சுருண்டு பிரஷ்ஷிலேயே ஒட்டிக்கொள்கிறது. கையில் நிறைய இருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சாதாரண இந்தியத் தலைகளில் ஒட்டி ஒரு ராத்திரி காயவிட்டேன். காலையில் தலையின் முகத்தில் சதுரமாக ஒரு புடைப்பு. உரித்தபோது ஹிஞ்ச் பாதியில் கிழிந்தது, மீதி முதுகிலேயே நின்றது. ஒன்றில் தாளின் மேல்தோலும் கூடவே வந்துவிட்டது. விற்றவரிடம் கேட்டால், ஹிஞ்ச் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பதில். அப்படி இல்லை. இந்த மாதிரி சரக்கால்தான் ஹிஞ்சுக்கே கெட்ட பெயர், அதுதான் எனக்கு ஆதங்கம்.

அதனால் எந்தப் பெயரில் வாங்கினாலும், புதுப் பாக்கெட் வந்ததும் இதே சோதனையைச் செய்யுங்கள். மதிப்பில்லாத தலை ஒன்றில் ஒட்டுங்கள், ஒரு ராத்திரி விடுங்கள், உரித்துப் பாருங்கள். முழுசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஹிஞ்ச் மேல் வரும் புகார்களில் பாதி, ஈரம் அதிகமானதால் வருவது. பலர் நாக்கில் தொட்டு ஒட்டுவார்கள். மாமாவும் அப்படித்தான். நான் வாட்டர்கலர் பிரஷ், மெல்லியது, வைத்திருக்கிறேன். தண்ணீரில் தோய்த்து, துணியில் நன்றாக ஒற்றி எடுத்த பிறகு, குட்டைப் பக்கத்தின் நுனியை மட்டும் தொடுவேன். மடிப்பு வரைக்கும் நனைக்கக் கூடாது. மடிப்பில் ஈரம் போனால் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தலை தூக்க வராது. தலையைக் குப்புற வைத்து, மேல் ஓரத்துப் பற்களுக்குச் சற்றுக் கீழே மடிப்பு வரும்படி ஹிஞ்சை வைக்க வேண்டும். பற்களுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் முன்பக்கத்திலிருந்து தெரியும். ரொம்பக் கீழே இறங்கினால் தலையைத் தூக்கும்போது மேல் பற்கள் தாளில் மடங்கி உடையும். பிறகு நீளப் பக்கத்தின் கீழ்நுனியை மட்டும் லேசாக நனைத்து, பென்சிலில் குறித்த இடத்தில் வைத்து, மேலே ஒரு கிளாசைன் துண்டைப் போட்டு அழுத்த வேண்டும். அழுத்திய கையோடு டாங்ஸால் தலையை ஒரு முறை தூக்கிப் பாருங்கள். எங்காவது கோந்து வழிந்து தலையே தாளில் ஒட்டியிருந்தால் அந்த நிமிடத்தில் சரிசெய்துவிடலாம், காய்ந்த பிறகு முடியாது.

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொடாமல் இருப்பது. கோணலாக ஒட்டிவிட்டது என்று ஈரத்தோடு பிய்த்தால்தான் முதுகு சுரண்டிப்போகும். ஈரமான தாளுக்கு வலு கிடையாது, ஹிஞ்சோடு அதன் ஒரு படலம் வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அப்படியான தலைக்கு மதிப்பு சரிந்தது சரிந்ததுதான். கோணலாக இருந்தால் இருக்கட்டும். மறுநாள் உரித்து வேறு ஹிஞ்ச் போடலாம்.

எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆடிச் சாரலில் அலமாரிக்குள் இருக்கும் காகிதம்கூட நமுத்துப்போகும். ஹிஞ்ச் பாக்கெட்டைச் சும்மா மேசையில் வைத்தால் உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மூடி இறுக்கமான கண்ணாடிப் பாட்டிலில், மாத்திரை டப்பாக்களில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். மழை நாளில் ஒட்டும் வேலையே வேண்டாம், காய நேரமாகும். ஆல்பத்தைப் படுக்க வைக்காமல் நிற்க வைக்க வேண்டும். மேலே வேறு புத்தகங்களை ஏற்றக் கூடாது. ராமபாணப் பூச்சிக்குக் கோந்து என்றால் உயிர், ஆகவே மாதத்துக்கு ஒரு தரமாவது பக்கங்களைப் புரட்டிக் காற்றாட விடுவேன். தாளும் முக்கியம். அமிலம் இல்லாத, 160 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத தாளாக இருக்கட்டும். மெல்லிய தாளில் ஹிஞ்ச் போட்டால் பக்கமே நெளியும்.

இந்த ஈரத்தில் மவுண்டும் ஸ்டாக் புக்கும் ரொம்பப் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். நண்பர் ஒருவர் மின்ட் தலைகளைப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, பல வருடம் திறக்காமல் வைத்திருந்தார். கோந்து இளகிப் பிளாஸ்டிக்கோடு ஒட்டி, முதுகெல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. மென்மையான பிவிசி பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னும் மோசம். அதை இளக்கச் சேர்க்கும் ரசாயனம் காலப்போக்கில் கசிந்து தலையின் மையைக் கெடுக்கும். மவுண்ட் வாங்குகிறவர்கள் பாலியெஸ்டரோ பாலிஸ்டைரீனோ என்று கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது, ஹிஞ்ச் எங்கே கூடவே கூடாது என்பது. கோந்து அப்படியே இருக்கும், ஒருமுறைகூட ஹிஞ்ச் படாத மின்ட் தலைக்கு ஹிஞ்ச் போடாதீர்கள். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் கிட்டத்தட்ட எல்லோரும் ஹிஞ்ச்தான் போட்டார்கள். அதனால் அந்தக் காலத்துத் தலைகளில் தடம் இருப்பது குறையாகாது. தடமே இல்லாமல் கிடைத்தால் கூடுதல் விலை. அதற்குப் பிந்திய தலைகளுக்கோ, தடம் இல்லாததுதான் சாதாரண நிலை. சுதந்திர இந்தியாவின் முதல் ஆண்டு நிறைவுக்கு, 1948 ஆகஸ்ட் 15 அன்று, வந்த காந்தி தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான நான்கு தலைகள். பத்து ரூபாய்த் தலை மின்ட்டாக உங்களிடம் இருந்து, அதில் ஹிஞ்ச் போட்டால், ஒரு சொட்டு ஈரத்தில் கணிசமான பணம் போய்விடும். இந்த விலை வித்தியாசத்துக்காகவே, ஹிஞ்ச் தடத்தை மறைத்துப் புதுக் கோந்து பூசி விற்கும் வேலையும் நடக்கிறது. லென்ஸ் வைத்துப் பற்களின் நுனியைப் பாருங்கள். அச்சகத்தில் கோந்து பூசிய பிறகுதான் துளையிடுவார்கள், ஆகவே நுனியில் நார் மெத்தென்று நிற்கும். பிறகு பூசியதில் கோந்து நுனிவரை இறங்கி விறைத்திருக்கும்.

ஏற்கெனவே தடம் பட்ட பழைய மின்ட் என்றால் கவலையில்லை, அதே தடத்தின் மேலேயே புது ஹிஞ்சை வைக்கலாம். இதில் எனக்கு லாபம்கூட. திருவனந்தபுரத்தில் ஒரு கண்காட்சியில் எனக்குப் பழக்கமான வியாபாரி, "டீச்சர், இது ஹிஞ்ச் போட்ட மின்ட். யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க. உங்களுக்குன்னா விலையைப் பாத்துக்கலாம்" என்று 1937 ஆலயப் பிரவேசத் தலைகளை எடுத்து நீட்டினார். முகம் பளிச்சென்று இருந்தது. கோவில்களுக்குள் போக முடியாமல் ஒதுக்கப்பட்டிருந்த சாதியினருக்கு அவற்றைத் திறந்துவிட்ட சமஸ்தான அறிவிப்பு 1936 நவம்பரில் வந்தது, அதைக் கொண்டாட அடுத்த வருடமே வெளியிட்ட தலைகள். எனக்கு அந்தத் தலைகள் வேண்டும், அவற்றின் முதுகில் மங்கலாக ஒரு தடம் இருக்கிறதா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. வாங்கிக்கொண்டேன்.

மாமாவின் ஆல்பத்தைப் பிரித்து மறுபடி ஒட்டும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஹிஞ்ச் கிடைக்காத நாட்களில் அவர் தலைத்தாளின் வெற்று ஓரத்தை நறுக்கி, மடித்து, அதையே ஹிஞ்சாக ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் பலரும் செய்ததுதான். அந்தக் காகிதம் தடி, அதன் கோந்தோ தலையில் இருக்கும் அதே கோந்து, பிடித்தால் விடாது. 1939 வரிசையின் 7 சக்கரம், வெளிர்நீலத்தில் கன்னியாகுமரி. அதே வரிசையில் 14 சக்கரம், பேச்சிப்பாறை அணை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் காட்சிகள் இரண்டும். இரண்டிலும் இந்தத் தடிக் காகிதம்தான். முத்திரை குத்தியவை என்பதால் தண்ணீரில் மிதக்கவிடலாம், ஆனால் சில சமஸ்தானத் தலைகளின் மை தண்ணீரில் கலங்கும். முதலில் ஒரு வெள்ளை ஒற்றுத்தாளை நனைத்து, தலையின் மூலையில் மட்டும் அழுத்தி எடுத்தேன். நிறம் இறங்கவில்லை. பிறகு ஈர ஒற்றுத்தாளைச் சின்னதாக நறுக்கி, முதுகில் அந்தக் காகிதத்தின் மேல் மட்டும் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் எழும்பியது. டாங்ஸின் தட்டையான நுனியை அடியில் கொடுத்து, இழுக்காமல், எழும்பிய மட்டுக்கும் தள்ளித் தள்ளிப் போனேன். நடுவில் எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி மறுபடி ஈரம் வைத்தேன். கடைசியில் காகிதம் தானாகவே வழுக்கி வந்தது. அடியில் வாட்டர்மார்க் சங்கு முழுசாகத் தெரிந்தது, தாளில் ஒரு கீறல் இல்லை. இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே காயவைத்து, மறுநாள் பிரின்ஸ் ஹிஞ்ச் போட்டு அதே வரிசையில் உட்கார வைத்தேன்.

டெனிசனுக்கு ஏலத்தில் அள்ளிக் கொடுக்க வேண்டாம் என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான். முத்திரை குத்திய தலையின் கோந்து ஏற்கெனவே போய்விட்டது, காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை. மை கரையாத தலையாக இருந்தால், எந்த நல்ல ஹிஞ்சையும் ஈரம் வைத்து எடுத்துவிடலாம். சுலபமாக உரிந்துவரும் குணத்துக்குப் பணம் கொடுப்பது மின்ட் தலைக்கு மட்டும்தான் அர்த்தமுள்ளது.

கடைசியாகச் சில நடைமுறைச் செய்திகள். மினியேச்சர் ஷீட் (தலை அச்சான சிறு தாள்), பெரிய பிளாக் (பிரிக்காமல் சேர்ந்திருக்கும் தலைகள்), கடித உறை இவற்றுக்கு ஹிஞ்ச் உதவாது. கனம் தாங்காமல் தொங்கும், பிளாக்கில் துளைவரிசை பிரியும். உறைகளுக்குப் போட்டோ கார்னர் போதும். இப்போது வரும் சுயமாக ஒட்டும் தலைகளை உறையிலிருந்து பிரிக்காமல், சுற்றிலும் காகிதம் விட்டு வெட்டிவிட்டால், அந்தக் காகிதத்தின் மேலேயே ஹிஞ்ச் போடலாம். நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் ஹிஞ்ச் கிடைப்பதில்லை. தபால்தலைக் கண்காட்சிக்கு வரும் வியாபாரிகளிடம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அங்கே வாங்கினால் ஒன்றை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு நேராக இருக்கிறதா, கோந்து சீராக இருக்கிறதா என்று பார்த்தும் வாங்கலாம். அடுத்த கண்காட்சியில் நான் இன்னொரு பிரின்ஸ் பாக்கெட் எடுக்கப்போகிறேன். மாமாவின் ஆல்பத்தில் சங்குப் பக்கங்கள் இன்னும் நிறைய பாக்கி.